மனநிறைவைக் கற்றுக்கொள்வது எப்படி? கிறிஸ்தவ விசுவாசத்தில் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்கள் ஆனவர்கள், அல்லது இன்னும் பெறாமல் வேதத்தை மட்டும் வாசித்துக்கொண்டிருப்பவர்கள், ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துபோன பிறகு தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இயேசுவை ஏற்றுக்கொண்டேன். என் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று நம்புகிறேன். ஆனாலும் உள்ளே ஏதோ குறைகிறதே! என் விசுவாசத்தில் ஏதாவது கோளாறா?" இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மிகவும் நேர்மையானவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்தான் அவசரமானதாக இருக்கிறது. "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். எப்படி ஜெபிப்பது, எதை வாசிப்பது, எதை விடுவது, எதற்குக் காத்திருப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதைப் படிப்படியாகச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

முதல் படி: இரண்டு காரியங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பவுல் அப்போஸ்தலன் கொலோசெயருக்கு எழுதும்போது, கிறிஸ்துவுக்குள் "நீங்கள் பரிபூரணமுள்ளவர்களாயிருக்கிறீர்கள்" என்கிறார் (கொலோசெயர் 2:10). இனிமேல் அப்படி ஆவீர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஏற்கெனவே அப்படி இருக்கிறீர்கள் என்கிறார். அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார் (பிலிப்பியர் 4:11). நிறைவு கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த நிறைவில் மனம் அமர்வதையோ அவரும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சபைகளை நிறுவியவர், ஐந்துமுறை சவுக்கடியும் மூன்றுமுறை கப்பற்சேதமும் கண்டவர், அப்போஸ்தலன் என்று அழைக்கப்பட்டவர். அவருக்கே இது ஒரே நாளில் வந்துவிடவில்லை.

புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மனம் நிறைவாக உணரவில்லை என்பதால், தேவன் தங்களை ஏற்றுக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வரும் மூத்த மகனைக் கவனியுங்கள். சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பிவந்து, தகப்பனின் விருந்தைப் பெற்ற இளையவனைப்பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் வீட்டைவிட்டு எங்கும் போகாமலேயே வெறுமையோடு வாழ்ந்தவன் மூத்தவன். சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்க ஓர் ஆட்டுக்குட்டிகூட எனக்குத் தரவில்லையே என்று தகப்பனிடம் குமுறுகிறான். தகப்பனோ, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். மந்தை முழுவதும் அவனுடையதாக இருந்தும், ஓர் ஆட்டுக்குட்டிக்காக அவன் பல வருடங்கள் மனம் புழுங்கியிருக்கிறான். அவன் மகன் என்பதில் எந்தக் குறையும் இருக்கவில்லை. தனக்குக் கிடைத்ததற்குள் வாழத்தான் அவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே இந்த வாரத்தில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் கொலோசெயர் 2:10-ஐ எழுதி, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். உள்ளே வெறுமை எழும்போதெல்லாம் "நான் கைவிடப்பட்டேன்" என்று சொல்வதை நிறுத்தி, "நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். இது வெறும் மனத்தேற்றமன்று. வேதம் உங்களைப்பற்றிச் சொல்லும் உண்மை நிலவரம் இதுதான்.

இரண்டாம் படி: ஒரு மாதம், ஒரே ஒரு நிருபம்

புதிதாக வருகிறவர்கள் ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோவதை அடிக்கடி பார்க்கிறோம். மனநிறைவைத் தேடுகிறவருக்கு நான் பரிந்துரைப்பது பிலிப்பியர் நிருபம், அதாவது பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதம். நான்கு அதிகாரங்கள், மொத்தம் 104 வசனங்கள்; சத்தமாக வாசித்தாலும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மாதத்துக்கு வேறெதையும் தேடாமல் இதையே திரும்பத் திரும்ப வாசியுங்கள். வாரத்தில் ஒருநாள் முழு நிருபத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். மற்ற நாட்களில் பத்து அல்லது பன்னிரண்டு வசனங்கள் போதும்.

எந்த மொழிபெயர்ப்பு என்று சிலர் குழம்புவதுண்டு. சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது 1871-ல் வெளிவந்த பதிப்பின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பு. இந்தக் கட்டுரையின் மேற்கோள்களும் அதிலிருந்தே வருகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு புழக்கத்தில் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால் பொது மொழிபெயர்ப்பை அருகில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அதில் தவறேதும் இல்லை.

நிருபத்துக்குள் போகுமுன், அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை வாசித்துவிடுங்கள். பிலிப்பி சபை எப்படித் தொடங்கியது என்பது அங்கே இருக்கிறது. மக்கெதோனியாவிலிருந்த ரோமக் குடியேற்றப் பட்டணம் அது. தியத்தீரா ஊரைச் சேர்ந்த, இரத்தாம்பரம் என்னும் சாயத்துணி விற்ற லீதியாள் என்னும் பெண்ணும் அவள் வீட்டாரும்தான் அங்கே முதலில் விசுவாசிகளானவர்கள். குறிசொல்லித் தன் எஜமான்களுக்குச் சம்பாதித்துக்கொடுத்த அடிமைப் பெண் ஒருத்தியைப் பவுல் விடுவிக்கிறார். வருமானம் போன கோபத்தில் எஜமான்கள் பவுலையும் சீலாவையும் பிடித்துக் கொடுக்கிறார்கள். அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிச் சிறையில் போடுகிறார்கள். நடுராத்திரியில் அந்த இருவரும் ஜெபம்பண்ணித் தேவனைத் துதித்துப் பாடுகிறார்கள். சிறைச்சாலைக்காரன் அதே இரவில் தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறான். பல ஆண்டுகள் கழித்து இந்த மனிதர்களுக்குத்தான் பவுல் இந்த நிருபத்தை எழுதுகிறார், மறுபடியும் ஒரு சிறையிலிருந்து. அன்று இரவு அவர் பாடியதைக் கேட்டவர்களில் சிலர் இந்த நிருபம் வாசிக்கப்பட்டபோதும் சபையில் உட்கார்ந்திருந்திருக்கலாம். சிறையிலிருந்து "சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதுகிறவருடைய வார்த்தை எவ்வளவு பெறும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

வாசிக்கும்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தோஷம், மகிழ்ச்சி என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். பிறகு துக்கமும் கண்ணீரும் வரும் இடங்களையும் அடிக்கோடிடுங்கள். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. பிலிப்பி சபை அனுப்பிய உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டான். தேவன் அவனைப் பிழைக்கவைத்தது தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகாதபடிக்கு என்கிறார் பவுல் (2:27). அப்படியானால் ஒரு துக்கம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுகிறேன் என்கிறார். நான்காம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரண்டு பெண்களுக்கிடையே இருந்த மனவேற்றுமையைப் பெயர் சொல்லித் தீர்க்கப் பார்க்கிறார். மனரம்மியமாயிருக்கக் கற்றவர் துக்கமில்லாதவரோ, சபைச் சண்டை தெரியாதவரோ அல்லர். இதை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால், "எனக்கு இன்னும் அழுகை வருகிறதே" என்று உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்க மாட்டீர்கள்.

4:13-க்கு வந்ததும் சற்று நில்லுங்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." ஆட்டோவின் பின்புறத்திலும் நாட்காட்டியிலும் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் மேசையிலும் இந்த வசனம் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் தான் போதிக்கப்பட்டதாகச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்லுகிறார். வெற்றிபெறுவதற்கான பெலனைப்பற்றி மட்டும் அவர் பேசவில்லை. சாப்பாடு இல்லாத நாளிலும் உடையாமலும், சாப்பாடு நிறைந்த நாளிலும் மயங்காமலும் இருப்பதற்கு வேண்டிய பெலன் அது. இரண்டாவதற்கும் பெலன் தேவை என்பதை வசதி வந்த பிறகுதான் பலர் கண்டுகொள்கிறார்கள்.

மூன்றாம் படி: இன்றைய ஆகாரத்துக்கான ஜெபம்

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கிறோம். இன்றைக்கு மட்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர், தேவன் அனுப்பிய மன்னா என்னும் ஆகாரத்தைப் பொறுக்கிய கதை யாத்திராகமம் 16-ல் இருக்கிறது. தலைக்கு ஒரு ஓமர் என்பது அளவு. மறுநாளைக்கு என்று பதுக்கிவைத்தவர்களுடையது பூச்சிபிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் சேர்த்த இரட்டிப்பான பங்கு மட்டும் கெடவில்லை. ஒவ்வொரு விடியற்காலத்திலும் தேவனை நம்பிக் கூடாரத்தைவிட்டு வெளியே வரும்படி அந்த ஜனங்கள் 40 வருடங்கள் பழக்கப்படுத்தப்பட்டார்கள்.

உங்கள் காலை ஜெபத்தை இந்த அளவுக்குள் வையுங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிடங்கள் போதும். விடியற்காலையில் எழுந்து இரண்டு மணிநேரம் ஜெபிக்கும் பெரியவர்களைப் பார்த்து முதல் வாரத்திலேயே அதைச் செய்யப் போனால், இரண்டாம் வாரத்தில் ஜெபமே நின்றுபோகும். செய்யவேண்டியது இவ்வளவுதான். ஓரிடத்தில் உட்காருங்கள், கைப்பேசி அந்த அறையில் இருக்க வேண்டாம். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில், இன்றைய நாளைப்பற்றிய கவலைகளைச் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். "என் வாழ்க்கையை ஆசீர்வதியும்" என்று எழுதாதீர்கள். "பதினோரு மணிக்கு மேலாளரைப் பார்க்க வேண்டும், பயமாக இருக்கிறது" என்று எழுதுங்கள். "மகளுடைய கல்விக் கட்டணத்துக்கு இன்னும் பணம் சேரவில்லை" என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் தேவனிடம் சொல்லுங்கள். எதிர்ப் பக்கத்தில், நேற்று கிடைத்த நன்மை ஒன்றையாவது எழுதி அதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

கவலையையும் நன்றியையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன் என்றால், பிலிப்பியர் 4:6 அப்படித்தான் சொல்லுகிறது: விண்ணப்பங்களை "ஸ்தோத்திரத்தோடே கூடிய" ஜெபத்தினால் தெரியப்படுத்துங்கள் என்கிறது. அடுத்த வசனத்தின் வாக்குத்தத்தத்தையும் கவனமாகப் பாருங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்றே இருக்கிறது. கட்டணத்துக்கான பணம் இன்னும் வராமல் இருக்கலாம். ஆனாலும் இருதயத்துக்குக் காவல் வந்துவிடும். இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே அறிந்துகொண்டவர்கள், ஜெபித்தும் கிடைக்காத நாளில் விசுவாசத்தைத் தூக்கி எறிவதில்லை.

இரவில் படுக்குமுன் ஐந்து நிமிடங்கள் அந்த நாளைத் திரும்பிப் பார்ப்பதும் பழைய, நல்ல வழக்கம். 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் தம் தோழர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகவே கற்பித்தார்; நன்றியில் ஆரம்பித்து, நாளின் ஒவ்வொரு பொழுதையும் நினைவுக்குக் கொண்டுவந்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்குத் துணை கேட்டு முடிப்பது. எந்தச் சபைப்பிரிவைச் சேர்ந்தவரும் இதைச் செய்யலாம்.

நான்காம் படி: ஒப்பிடுவதை அதன் வேரிலேயே பிடியுங்கள்

நம் வீடுகளில் மனநிறைவைத் தின்றுவிடுவது வறுமையைவிட ஒப்பீடுதான் என்பது என் திடமான எண்ணம். ஒன்றாகப் படித்தவன் வீடு கட்டிவிட்டான், அத்தை மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுப் பையனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம். முன்பெல்லாம் இவற்றைக் கேள்விப்பட ஒரு திருமண வீட்டுக்காவது போகவேண்டியிருந்தது. இப்போது படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியில் பார்க்கிறோம்.

ஆசாப் என்ற பாடகர் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 73-ஆம் சங்கீதத்தில், துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமை கொண்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். நான் என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினது விருதாவோ என்றுகூடக் கேட்டுவிடுகிறார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்த பிறகுதான் அவருடைய பார்வை மாறுகிறது. பாடலின் பின்பகுதியில், "பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு? பூலோகத்தில் உம்மைத் தவிர எனக்கு வேறே விருப்பமில்லை" என்று பாடுகிறார். துன்மார்க்கருடைய செல்வம் குறைந்ததாக இதற்குள் எந்தச் செய்தியும் இல்லை. ஆசாப் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் மாறியிருக்கிறது.

நடைமுறையில் இரண்டு காரியங்கள் உதவுகின்றன. காலை ஜெபம் முடியும்வரை கைப்பேசியைத் தொடாதீர்கள். நாளின் முதல் பார்வை யார்மேல் படுகிறது என்பது அந்த நாள் முழுவதையும் பாதிக்கும். இரண்டாவது சற்றுக் கடினமானது. யாரைப் பார்த்து மனம் எரிகிறதோ, அவருடைய பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபியுங்கள். அவருக்குக் கிடைத்த வீட்டுக்காக, அவர் பிள்ளைக்குக் கிடைத்த இடத்துக்காக தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். முதல் சில நாட்கள் வார்த்தை வெறும் வாயிலிருந்து வரும். பரவாயில்லை, சொல்லிக்கொண்டே இருங்கள். ஒருவருக்காக உண்மையாக ஜெபித்துக்கொண்டே அவர்மேல் நீண்டநாள் பொறாமைப்பட முடியாது.

மனநிறைவு என்றால் எல்லாவற்றையும் பொறுத்துப்போவதா?

இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் "போதுமென்கிற மனதோடு இரு" என்ற வசனத்தை எடுத்து, அடிவாங்கும் மனைவியிடமும், சம்பளம் மறுக்கப்பட்ட தொழிலாளியிடமும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவரிடமும் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேதத்தை அநியாயத்துக்குத் துணையாக்குவதாகும்.

மறுபடியும் அப்போஸ்தலர் 16-க்கு வாருங்கள். நடுராத்திரியில் பாடிய அதே பவுல், பொழுது விடிந்ததும் அதிகாரிகள் தன்னை ஓசையில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தபோது மறுத்துவிட்டார். விசாரணையின்றி ரோமர்களான எங்களை வெளியரங்கமாய் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு இப்போது இரகசியமாய் அனுப்புகிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து, வேண்டிக்கொண்டார்கள். சிறையில் பாட முடிந்த மனமும், தனக்கு நேர்ந்த அநீதியை அநீதி என்று சொல்லும் நாவும் ஒரே மனிதருக்குள் இருந்தன. வீட்டில் வன்முறை இருந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், உதவி கேளுங்கள், சட்டத்தை நாடுங்கள். உங்களுக்கு உரிய கூலியைக் கேளுங்கள். இவற்றில் எதுவும் விசுவாசக் குறைவு ஆகாது.

ஐந்தாம் படி: அழவும் கற்றுக்கொள்ளுங்கள்

சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் புலம்பல்கள் ஏராளம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது; கடைசி வசனம்வரை ஆறுதல் வருவதில்லை. அப்படியொரு பாடலையும் தம் புத்தகத்தில் தேவன் இடம்பெறச் செய்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆலயத்தில் கைதட்டிப் பாட முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சங்கீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வார்த்தை வராதபோது அவற்றின் வார்த்தைகளைக் கடன்வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் நாட்டமில்லாமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால், அது மருத்துவரிடம் காட்டவேண்டிய நிலை. தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். மாத்திரை சாப்பிடுவதற்காக யாராவது உங்கள் விசுவாசத்தைக் குறைசொன்னால், அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

ஆறாம் படி: கையைத் திறங்கள்

கொஞ்சமாக இருக்கும்போதே கொடுக்கத் தொடங்குங்கள். பிலிப்பி சபை உட்பட்ட மக்கெதோனியச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தும் எருசலேமின் ஏழைகளுக்காக வலிந்து கொடுத்தன என்று 2 கொரிந்தியர் 8-ல் வாசிக்கிறோம். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை நம் கிராமச் சபைகளில் இருந்துவந்த வழக்கம்தான். அந்த ஒரு பிடியை எடுக்கும் கைக்கு "எனக்குப் போதும்" என்பது உபதேசம் கேட்காமலேயே புரிந்துவிடுகிறது. தொகையைப்பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வாரம் ஒருவருக்கு, விளம்பரமில்லாமல், ஒன்று கொடுங்கள்.

ஏழாம் படி: ஒரு சபையைக் கண்டுகொள்ளுங்கள்

தனியாக இருந்தே விசுவாசத்தில் வளர்ந்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். தொலைக்காட்சிப் பிரசங்கமும் யூடியூபும் போதும் என்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும்போது யூடியூப் கஞ்சி கொண்டுவராது. பவுலுக்கே சிறைக்கு உதவியைக் கொண்டுவர ஓர் எப்பாப்பிரோதீத்து வேண்டியிருந்தது. எந்த நிலையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றேன் என்று எழுதிய கையோடு, "நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்றும் எழுதினார். உதவி பெறுவதை அவர் தாழ்வாக நினைக்கவில்லை.

சபையைத் தேடும்போது கட்டடத்தையும் ஒலிபெருக்கியையும் பார்க்காதீர்கள். வேதம் ஒழுங்காக வாசிக்கப்பட்டு விளக்கப்படுகிறதா? திருவிருந்து பயபக்தியோடு நடக்கிறதா? ஏழைகளும் முதியவர்களும் அங்கே மதிப்போடு நடத்தப்படுகிறார்களா? காணிக்கைக் கணக்கு சபையாருக்குக் காட்டப்படுகிறதா? உங்கள் சந்தேகங்களைக் கேட்டால் போதகர் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா? இவை போதுமான அடையாளங்கள். "இத்தனை ரூபாய் விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்று சொல்லும் மேடைகளைவிட்டு விலகியிருங்கள். அங்கே வளர்க்கப்படுவது ஆசை. ஆசையை வளர்த்துக்கொண்டே மனநிறைவைக் கற்க முடியாது. அகூர் என்பவர் நீதிமொழிகள் 30-ல் செய்த ஜெபம் அந்த மேடைகளில் ஏனோ ஒலிப்பதில்லை: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக. என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்."

வீட்டில் மற்றவர்கள் வேறு சமயத்தவர்களாக இருந்தால், வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். அவர்களுடைய பண்டிகை நாளில் அம்மாவுக்குச் சமையலறையில் உதவியாக நில்லுங்கள். அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள். உங்களுக்குள் உண்டான அமைதியை அவர்கள் தாங்களாகவே கவனிக்கட்டும்.

வறண்ட நாட்கள் வரும்போது

இவையெல்லாம் செய்தும் ஒன்றும் மாறாததுபோல் தோன்றும் வாரங்கள் வரும். நோட்டுப் புத்தகத்தில் எழுத ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நாட்களில் படியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். ஒரு சங்கீதம், கர்த்தர் கற்பித்த ஜெபம், அவ்வளவே.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பணிசெய்த ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கை இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறது. அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியா வந்த அவர், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த சிறுமிகளை மீட்டு வளர்த்தார். ஓடியாடி உழைத்த அந்த அம்மையார் 1931-ல் தவறி விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வலியோடு வாழ்ந்தார். குணமாகும்படி பலர் ஜெபித்தார்கள். முழுக் குணம் வரவில்லை. அந்த அறையிலிருந்துகொண்டே அவர் புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் கடிதங்கள் எழுதினார், தேடிவந்தவர்களைத் தேற்றினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்று பவுலுக்குச் சொல்லப்பட்ட பதில் (2 கொரிந்தியர் 12:9) அவர் தன் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள் என்று சொன்ன வேதனையை எடுத்துவிடுவேன் என்ற பதிலன்று. அந்தப் பதிலோடு ஒருவர் இருபது ஆண்டுகள் வாழ முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

வளர்கிறோமா என்பதை உணர்ச்சியைக்கொண்டு அளக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துப் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். அன்று தூக்கத்தைக் கெடுத்த கவலை இன்று எப்படித் தெரிகிறது? அடுத்தவருடைய நல்ல செய்தியைக் கேட்டதும் மனம் முன்பைப்போல் சுருங்குகிறதா? வீட்டில் கோபம் வரும் இடைவெளி கூடியிருக்கிறதா? உங்களால் சொல்ல முடியாவிட்டால் உங்களோடு வாழ்கிறவர்களைக் கேளுங்கள்; அவர்களுக்குத் தெரியும்.

ஒரு மாதம் முடிந்த பிறகு

பிலிப்பியர் நிருபத்தை முடித்தபின் மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மலைப்பிரசங்கத்துக்குப் போங்கள். அதில் 6-ஆம் அதிகாரத்தின் பின்பாதியில் ஒரு வாரம் தங்குங்கள். அதன்பின் யோவான் சுவிசேஷம் முழுவதும். கூடவே 131-ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள். மூன்றே வசனங்கள்தான். எனக்கு மிஞ்சின கருமங்களில் நான் தலையிடுகிறதில்லை என்று அதில் தாவீது சொல்கிறார். பஸ்ஸில் போகும்போதும், மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதும், சம்பளம் வந்த நாளிலும் வராத நாளிலும் அதைச் சொல்லிப் பாருங்கள். விளங்காத இடங்களை நோட்டில் குறித்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடமோ, சபையில் நீண்டகாலம் ஜெபத்தில் நிலைத்திருக்கும் ஒரு மூத்த அம்மாவிடமோ கேளுங்கள். பெரும்பாலும் அந்த அம்மா சொல்லும் பதில்தான் உங்களுக்கு அதிகம் உதவும்.